விளக்கின் பெயர் ஒன்று, வடித்த கைகள் வேறு

உலகப் புகழ்பெற்ற 'டிஃபனி' விளக்குகளைச் சிலர் பார்த்திருக்கலாம். வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயப் பற்றால் இணைத்துச் செய்த விளக்குக் குடைகள் அவை. விளக்கை ஏற்றினால் பூக்கள் மலரும், தும்பிகள் சிறகு விரிக்கும். இவற்றை எல்லாம் படைத்தவர் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனி என்றே நூறாண்டுக் காலம் உலகம் நம்பியிருந்தது. உண்மை வேறு.

1892ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் கண்ணாடித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களது சங்கத்தில் பெண்களுக்கு இடமில்லை. இதனால் டிஃபனி பெண்களைக் கொண்டே ஒரு பிரிவைத் தொடங்கினார். அதற்குத் தலைமை ஏற்றவர், ஒஹாயோ மாநிலத்திலிருந்து வந்த கிளாரா டிரிஸ்கால் என்ற இளம் விதவை. ஆறு பேருடன் தொடங்கிய பிரிவில் 1894இல் 35 பெண்கள் இருந்தனர்.

வேலை எளிதன்று. முதலில் பூவையும் கொடியையும் நேரில் பார்த்து வரைய வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் காகித அச்சு வெட்ட வேண்டும். கண்ணாடித் தகட்டை வெளிச்சத்தில் பிடித்து, ஓர் இதழுக்கு ஏற்ற நிறம் அதில் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். பிறகு அதை வெட்டி, விளிம்பில் மெல்லிய செப்புத் தகடு சுற்ற வேண்டும். பற்றவைக்கும் வேலையை மட்டும் ஆண்கள் செய்தனர். கிளாரா வடிவமைத்த 'விஸ்டீரியா' விளக்கு ஒன்றில் மட்டும் ஏறக்குறைய 2,000 துண்டுகள் உண்டு. அவரது தும்பி விளக்கு 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் வெண்கலப் பதக்கம் வென்றது.

ஆனாலும் தடைகள் விடவில்லை. திருமணம் செய்துகொண்டால் வேலையை விட வேண்டும் என்பது விதி. 1903இல் ஆண்கள் சங்கம் மீண்டும் எதிர்ப்புக் காட்டியது. பிரிவு மூடப்படவில்லை, ஆனால் 27 பெண்களுக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டப்பட்டது. 1909இல் கிளாரா மறுமணம் செய்து, டிஃபனியை விட்டு விலகினார். 1944இல் மறைந்தார். விளக்குகளில் இருந்த பெயர் முதலாளியின் பெயர்தான்.

இந்த உண்மை வெளிவரக் காரணம், கிளாரா தம் தாயாருக்கும் சகோதரிகளுக்கும் எழுதிய கடிதங்கள். எந்த விளக்கை எப்படி வடித்தார், யார் யார் உடன் உழைத்தனர் என்று அவற்றில் விரிவாக எழுதியிருந்தார். குடும்பத்தார் பத்திரமாக வைத்திருந்த அக்கடிதங்கள் ஆய்வாளர் கண்ணில் பட்டன. 2007இல் நியூயார்க் வரலாற்றுக் கழகம் கிளாராவுக்கும் 'டிஃபனி பெண்க'ளுக்கும் தனிக் கண்காட்சியே நடத்தியது.

அம்மாவுக்கு எழுதிய சாதாரணக் கடிதங்கள்தாம் அவை. நிறுவனம் சொல்லாமல் விட்ட பெயர்களை அவையே சொல்லின. ஆகவே, வீட்டில் பாட்டி எழுதிய பழைய கடிதக் கட்டு இருந்தால், பழைய தாள் என்று வீசிவிடாதீர்கள். யாருடைய உழைப்புக்கு அது சாட்சியோ, யார் அறிவார்?