சமூகத் தணிக்கை

அரசுப் பணத்தில் ஓர் ஊரில் நடந்த வேலையின் கணக்கை அந்த ஊரார் முன்னால் உரக்க வாசித்து, களத்தில் உள்ளதோடும் வேலை செய்தவர்களின் வாய்மொழியோடும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் முறையே சமூகத் தணிக்கை. வழக்கமான தணிக்கையில் பதிவேடும் வவுச்சரும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். இரண்டையும் ஒரே கை எழுதியிருந்தால் இரண்டும் அழகாகவே பொருந்தும். செத்துப்போனவர் பெயரில் கூலி எடுக்கப்பட்டிருப்பதைக் காகிதம் காட்டிக்கொடுக்காது. அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைத் தணிக்கைக்குள் கொண்டுவந்ததுதான் இந்த முறையின் புதுமை.

தோற்றம்

இந்தியாவில் இம்முறை உருப்பெற்றது ராஜஸ்தானில். இந்திய ஆட்சிப்பணியை 1970களின் நடுவில் விட்டு விலகிய அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் 1987இல் ராஜ்சமந்த் பகுதியின் தேவ்டுங்கரி என்ற சிற்றூரில் ஒரு குடிசையில் குடியேறினர். வறட்சி நிவாரண வேலைக்குப் போனவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடைக்காததுதான் அங்கே அன்றாடப் பிரச்சினை. கேட்டால், 'நீங்கள் செய்த வேலையின் அளவு குறைவு, எம் புக்கில் அப்படித்தான் இருக்கிறது' என்று பதில் வரும். அந்த எம் புக்கை, அதாவது அளவீட்டுப் புத்தகத்தைக் காட்டச் சொன்னால் அது அரசு ரகசியம். 1990 மே 1 அன்று உருவான மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர் உழவர் அமைப்பு உண்ணாநோன்பு உட்பட எல்லாம் செய்து பார்த்தபின் கண்டுகொண்டது இதைத்தான்: கூலிச் சண்டை என்பது அந்தப் புத்தகத்துக்கான சண்டையே. தகவல் உரிமை என்றதும் பத்திரிகையாளரும் படித்தவர்களும் கேட்ட உரிமை என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தியாவில் அதை வீதிக்குக் கொண்டுவந்தவர்கள் மண் சுமந்தவர்கள்.

1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டத்தின் கோட் கிரானா என்ற ஊரில் முதல் 'ஜன் சுன்வாய்', அதாவது மக்கள் விசாரணை, நடந்தது. பந்தலின் கீழ் ஊரார் கூடினர். பெற முடிந்த ஆவணங்களிலிருந்து பெயர், வேலை செய்த நாள், கொடுத்த தொகை என ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டது. பெயருக்குரியவர் எழுந்து ஒலிவாங்கியில் பதில் சொன்னார். அடுத்த சில மாதங்களில் பீம், விஜய்புரா, ஜவாஜா, தானா ஆகிய ஊர்களிலும் விசாரணைகள் நடந்தன. வேலைக்கே வராதவர்களின் பெயர்கள், இறந்தவர்களுக்குப் போட்ட கூலி, முடிந்துவிட்டதாகக் கணக்கில் ஏறி அரைகுறையாக நின்ற கட்டடங்கள் என்று வெளிப்பட்டவை ஊருக்கு முன்பே அரைகுறையாகத் தெரிந்தவைதான். ஊரறிந்த ரகசியம் அதுவரை வதந்தியாக இருந்தது. தேதியும் தொகையும் கையில் கிடைத்ததும் சாட்சியமாகிவிட்டது.

இவ்விசாரணைகளிலிருந்து நான்கு கோரிக்கைகள் எழுந்தன. செலவு ஆவணங்கள் திறந்திருக்க வேண்டும். பொறுப்பானவர் பதில் சொல்ல வேண்டும். மக்கள் செய்யும் தணிக்கைக்குச் சட்டத் தகுதி வேண்டும். சுருட்டிய பணம் திரும்பி வர வேண்டும். கடைசிக் கோரிக்கைதான் இன்றுவரை மிகக் குறைவாக நிறைவேறியது.

சட்டமான கதை

1995 ஏப்ரலில் முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத், ஊராட்சி ஆவணங்களின் நகலை மக்கள் பெறலாம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டு ஆகியும் ஆணை வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரில் தொடங்கிய தர்ணா 40 நாள் நீடித்தது. 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்பது அதன் முழக்கம். நகரத்துக் கடைக்காரர்களும் காய்கறி விற்போரும் போராட்டத்துக்குப் பொருளாகவும் பணமாகவும் கொடுத்தார்கள். மறு ஆண்டு ஜெய்ப்பூரிலும் ஒரு நீண்ட தர்ணா நடந்தது. ராஜஸ்தான் தன் தகவல் உரிமைச் சட்டத்தை 2000இல் இயற்றியது.

மாநிலங்களில் இத்தகைய சட்டத்தை முதலில் இயற்றியது தமிழ்நாடுதான், 1997இல். பெருமைப்பட்டுக்கொள்ளலாம், ஆனால் விலக்குகள் மலிந்திருந்த அந்தச் சட்டம் பெரிதாகப் புழங்கவில்லை. அதைக் கேட்டுப் போராடிய கூட்டம் கீழே இல்லாமல் மேலிருந்து வந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 10 ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பம், 30 நாளுக்குள் பதில், தாமதித்தால் பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் என்பவை பலரும் அறிந்தவை. உள்ளாட்சியைப் பொறுத்தவரை அதைவிட வலுவானது 4ஆம் பிரிவு. வரவு செலவுத் திட்டம், மானியத் திட்டங்களின் பயனாளிகள் போன்ற விவரங்களை யாரும் கேட்காமலே அலுவலகம் வெளியிட வேண்டும் என்கிறது அது. ராஜஸ்தான் அரசு 2019இல் தொடங்கிய 'ஜன் சூச்னா' இணைய வாயில் இப்பிரிவின் வழிவந்தது.

அதே 2005இல் வந்த தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வேலைகள் அனைத்தையும் கிராம சபை சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று விதித்தது. வருகைப் பட்டியல், பில், வவுச்சர், அளவீட்டுப் புத்தகம், அனுமதி ஆணை நகல் ஆகியவற்றை ஊராட்சி கொடுத்தாக வேண்டும் என்றும் சொன்னது. ஒரு கோரிக்கைப் பட்டியலை நேராகச் சட்டத்தின் வாசகமாக்கிய இடம் இது. கோட் கிரானாவில் கெஞ்சிக் கேட்ட காகிதங்களே இங்கே வரிசையாக நிற்கின்றன. தலைமைக் கணக்குத் தணிக்கையரோடு கலந்து 2011இல் வெளியான விதிகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் தணிக்கை நடக்க வேண்டும் என்றன. திட்டத்தை நடத்தும் துறையிலிருந்து விலகி நிற்கும் தனி அமைப்பை ஒவ்வொரு மாநிலமும் ஏற்படுத்தவும் பணித்தன. பல துறைத் திட்டங்களுக்கும் சமூகத் தணிக்கையை விரித்துத் தனிச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் மேகாலயா (2017).

நடைமுறை

ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசம் சமூகத் தணிக்கையைப் பெரிய அளவில் செய்து காட்டியது. 2009இல் தணிக்கைக்கென்றே தனிச் சங்கம் பதிவாயிற்று. கூலித் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து படித்த இளைஞர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்தனர். சொந்த ஊரைத் தணிக்கை செய்ய அவர்களை விடுவதில்லை. வீடு வீடாகப் போய் வேலை அட்டையைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, குளக்கரையையும் சாலையையும் டேப் வைத்து அளந்தபின், மண்டல அளவில் அதிகாரிகள் அமர்ந்திருக்கும் பொதுமேடையில் அறிக்கை வாசிக்கப்படும். முறைகேடுகள் குவியலாக வெளிவந்தன; மீட்கப்பட்ட தொகையோ அதில் சிறு பங்கு. கண்டுபிடிப்பவர் கையில் தண்டிக்கும் அதிகாரம் இல்லை; அந்த அதிகாரம் உள்ள துறைக்கோ அவசரம் இல்லை.

எதிர்ப்பும் வந்தது. ராஜஸ்தானின் பில்வாராவில் 2009இல் நடந்த பெருந்தணிக்கைக்குப் பின் ஊராட்சித் தலைவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். ஜார்க்கண்டின் பலாமு மாவட்டத்தில் தணிக்கைக்கான ஏற்பாடுகளில் இருந்த லலித் மேத்தா 2008 மே மாதம் கொல்லப்பட்டார். ஓர் ஊராட்சியின் குளம் வெட்டிய கணக்குக்காக உயிர் போகும் என்றால், அந்தக் கணக்கில் எவ்வளவு புரள்கிறது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

மனிதர்களுக்குப் பதில் கருவியை நம்பும் போக்கும் உண்டு. ஊரக வேலை உறுதித் திட்டத்தின் வேலைத்தளத்தில் நாளுக்கு இருமுறை படம் எடுத்துச் செயலியில் ஏற்றுவது 2023 ஜனவரி முதல் கட்டாயமானது. தொடர்பற்ற படங்களையும் படத்தையே படமெடுத்ததையும் ஏற்றுகிறார்கள் என்று 2025இல் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை அனுப்ப வேண்டியதாயிற்று. படத்தில் நிற்பவர் யார் என்று செயலிக்குத் தெரிந்திருக்கவில்லை.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு சமூகத் தணிக்கைச் சங்கம் 2013 முதல் 'நூறு நாள் வேலை' எனப்படும் ஊரக வேலை உறுதித் திட்டத்தைத் தணிக்கை செய்துவந்தது. தணிக்கையின் முடிவில் சிறப்புக் கிராம சபை கூடும். ஆண்டுக்கு ஆறு நாள், அதாவது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் வழக்கமான கிராம சபைகளிலும் ஊராட்சியின் வரவு செலவை வைக்க வேண்டும். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். எண்ணிக்கைக்காக வேலைத்தளத்திலிருந்து ஆட்களை அப்படியே கூட்டிவருவதும், தீர்மானத்தை முன்பே எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்குவதும் கிராம சபைக்குப் போய்வந்தவர்கள் அறிந்த காட்சிகள். தொகையைத் தலைப்புவாரியாக மொத்தமாகச் சொன்னால் 'தெருவிளக்குப் பராமரிப்பு' என்ற வரியை யாராலும் மறுக்க முடியாது. எந்தத் தெரு, எத்தனை பல்பு என்று வாசித்தால்தான் ஒரு கை உயரும்.

கணக்குக் காட்டாதவரை ஒதுக்கும் வழக்கம் இங்கே பழையது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921), வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலைத் தேர்தலுக்குத் தகுதியற்றவர் என்கின்றன. மேடைகளில் இதைச் சொல்லும்போது, அந்தச் சபை நிலமுள்ள பிராமண ஆண்களின் சபை என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். மண் வெட்டியவர் எழுந்து கணக்குக் கேட்கும் இடமாக அது இருக்கவில்லை.

பெயர் பற்றிய வழக்கு

2023இல் இயற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஞ) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவலுக்கான விலக்கை விரித்தது. பொதுநலன் கருதி வெளியிட இடமளிக்கும் 8(2) பிரிவு நீடிக்கிறது என்பது அரசின் பதில். சமூகத் தணிக்கையைச் செய்பவர்களின் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. கூலிப் பட்டியலில் உள்ளவை பெயர், வேலை அட்டை எண், நாள், தொகை ஆகியவையே. பெயரை மறைத்துக் கொடுத்தால் பந்தலில் யாரை எழுந்திருக்கச் சொல்வது என்று அவர்கள் கேட்கிறார்கள்.