தென்னையில் தேள், பனையில் நெறி: நிணநீருக்கும் ஒரு வரலாறு உண்டு

"தென்னை மரத்தில தேள் கொட்ட, பனை மரத்தில நெறி கட்டிச்சாம்." சம்பந்தமே இல்லாத ரெண்டு விசயத்தை முடிச்சுப் போடுற ஆக்களைப் பகிடி பண்ணத்தான் இந்தப் பழமொழியை நாங்கள் பாவிக்கிறம். ஆனால் இந்தப் பகிடி எடுபடவேணும் எண்டால், கேக்கிற ஆளுக்கு ஒரு விசயம் முதலே தெரிஞ்சிருக்கவேணும். காலில முள்ளுக் குத்திப் பழுத்தால் தொடை இடுக்கில நெறி கட்டும். கையில காயம் பழுத்தால் கமக்கட்டுக்குள்ள நெறி கட்டும். காயம் ஒரு இடம், வீக்கம் வேறொரு இடம். ஒரே உடம்புக்குள்ள நடக்கிற இந்த விசயம் ரெண்டு மரத்துக்கு இடையில நடக்காது எண்டதுதான் பகிடி.

அப்ப, காலையும் தொடை இடுக்கையும் ஏதோ ஒண்டு உள்ளுக்குள்ள இணைக்குது எண்டது எங்கட சனத்துக்குக் கனகாலமாத் தெரிஞ்சிருக்கு. அந்த "ஏதோ ஒண்டு"க்குப் பாடப்புத்தகம் வைச்சிருக்கிற பெயர் நிணநீர்த் தொகுதி. கண்ணுக்குத் தெரிய மாட்டாத, பெயர் கிடைக்கப் பிந்தின, பழுதாகிற வரைக்கும் ஒருவரும் கவனிக்காத இந்தத் தொகுதியின் வரலாற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். பெயர் தெரியாத ஒரு நோயை மனிதர் எப்படி வெட்கமாக மாற்றிக்கொள்கிறார்கள் என்பதும் இந்த வரலாற்றுக்குள் இருக்கிறது.

முதலில் அது என்ன செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரத்தம் ஓடும் மிக மெல்லிய குழாய்களில் இருந்து நீர் தொடர்ந்து வெளியே கசிந்து, உயிர்க்கலங்களுக்கு உணவைக் கொடுக்கிறது. அதில் பெரும்பகுதி திரும்பவும் இரத்தத்துக்குள் போய்விடும். மிஞ்சுகிற நீர், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 3 லீற்றர், நிணநீர்க் குழாய்கள் வழியாகத்தான் திரும்ப வேண்டும். வழியில் சில நூறு நிணநீர்க் கணுக்கள் காவற்கொட்டில் மாதிரி நின்று கிருமிகளை மறிக்கின்றன. நாங்கள் "நெறி" என்று சொல்வது வேலை கூடி வீங்கின கணுவைத்தான். கடைசியில் இந்த நீர் கழுத்தின் அடியில் பெரிய நாளங்களுக்குள் போய்ச் சேருகிறது. இரத்தத்துக்கு இதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படித் தனிப் பம்பி இல்லை. குழாய்கள் தாங்களாகச் சுருங்குவது, தசைகள் அசைவது, மூச்சு ஏறி இறங்குவது, பின்னால் ஓடவிடாத வால்வுகள் என்பவைதான் அதை மேலே தள்ளுகின்றன.

ஐரோப்பாவில் இதைக் கண்டது 1622ஆம் ஆண்டு. மிலான் நகரத்தில் கஸ்பாரே அசெல்லி என்ற மருத்துவர், சற்று முன் சாப்பிட்ட ஒரு நாயின் வயிற்றை உயிரோடு அறுத்தபோது குடலைச் சுற்றி வெள்ளை நூல்கள் ஓடுவதைக் கண்டார். ஒன்றைக் குத்தினபோது பால் போல வடிந்தது. அது குடலில் இருந்து கொழுப்பைக் காவிக்கொண்டு போகும் நிணநீர். சாப்பிட்ட நேரம் என்றபடியால் அது கண்ணில் பட்டது. வெறும் வயிறாக இருந்திருந்தால் குழாய்கள் நிறமில்லாமல் மறைந்திருக்கும். 1653இல் டென்மார்க்கின் தோமஸ் பார்த்தோலின் இக்குழாய்களுக்கு, தெளிந்த நீர் என்று பொருள்தரும் லத்தீன் சொல்லில் இருந்து பெயர் வைத்தார். தமிழ்ச் சொல் இன்னும் பொருத்தம். நிணம் என்றால் பழந்தமிழில் கொழுப்பு. நிணநீர் என்ற சொல்லைக் கேட்டால் அசெல்லி கண்ட அந்த வெள்ளை நூல்தான் எங்களுக்கு ஞாபகம் வருகிறது.

இந்த அறிவு எங்கட ஊருக்குத் தமிழில் வந்த கதை மானிப்பாயில் தொடங்குகிறது. அமெரிக்க மிசனைச் சேர்ந்த மருத்துவர் சமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டில் இருந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். ஆனால் ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க வேலை தேடி வெளியே போய்விடுவதையும், கிராமத்துச் சனத்துக்கு மருத்துவர் இல்லாமல் போவதையும் பார்த்து, 1864இல் தமிழுக்கு மாறினார். தமிழில் படித்தால் ஊரோடு இருப்பார்கள், நோயாளிக்கும் விளங்கும் என்பது அவரது கணக்கு. உடற்கூறு, சத்திரசிகிச்சை, மகப்பேறு, இரசாயனம் என்று பல நூல்கள் அவருடைய மேற்பார்வையில் தமிழாகின. 1872இல் கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் "மனுஷ அங்காதிபாதம்" என்ற பெயரில் தமிழில் வந்தது. அந்த ஆங்கில நூலில் நிணநீர்க் குழாய்களுக்கென்று தனி அத்தியாயமே உண்டு. அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களை உருவாக்கிவிட்டு 1873இல் கிறீன் ஊர் திரும்பினார். தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப் பிறகு நீடிக்கவில்லை. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கியபோது கற்பித்தல் மொழி ஆங்கிலம்.

கிறீனின் நூல்கள் அச்சாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், நிணநீரின் மிகப் பயங்கரமான நோயின் முடிச்சும் ஆசியாவில் அவிழ்ந்துகொண்டிருந்தது. அதுதான் யானைக்கால். 1872இல் கல்கத்தாவில் ரிமதி லூயிஸ் மனித இரத்தத்தில் நுண்ணிய புழுக்குஞ்சுகளைக் கண்டார். 1877இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பற்றிக் மான்சன், நுளம்பு இரத்தத்தோடு இந்தக் குஞ்சுகளையும் உறிஞ்சுகிறது என்று காட்டினார். வளர்ந்த புழுக்கள் நிணநீர்க் குழாய்களுக்குள் ஆண்டுக்கணக்கில் குடியிருந்து அவற்றைப் பழுதாக்கும். நீர் திரும்ப வழியில்லாமல் கால் வீங்கும், ஆண்களுக்கு விதைப்பையும் வீங்கும்.

அதுவரைக்கும் அந்த வீங்கின காலுக்கு மனிதர் சொன்ன காரணம் என்ன தெரியுமோ? 1596இல் அச்சான தனது பயண நூலில் லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர் ஒரு கதையை எழுதிவைத்தார். புனித தோமாவைக் கொன்றவர்களின் சந்ததிக்குத்தான் பிறப்பிலேயே யானை மாதிரிக் கால் வருகிறதாம். ஐரோப்பியர் இதைக் கனகாலம் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். நுளம்பு செய்த வேலைக்குப் பழி பாட்டன் பூட்டன் தலையில். "முற்பிறப்பில செய்தது", "ஆரோ செய்வினை வைச்சிட்டாங்கள்" எண்டு கதைக்கிற பழக்கம் எங்களுக்கும் புதுசில்லைத்தானே.

இலங்கையில் யானைக்கால் ஒழிப்பு இயக்கம் 1947இல் தொடங்கியது. இரத்தத்தில் புழுக்குஞ்சுகள் இரவில்தான் கூடுதலாகத் திரியும் என்பதால், இரத்தம் எடுக்கிற ஆக்களும் இரவில்தான் வீடு வீடாகப் போனார்கள். 2002 முதல் 2006 வரை ஆண்டுக்கொரு தடவை மேல், தென், வடமேல் மாகாணங்களின் எட்டு மாவட்டங்களிலும் எல்லாருக்கும் குளிசை கொடுத்தார்கள். கொழும்பும் புத்தளமும் அந்த எட்டுக்குள் வரும், யாழ்ப்பாணம் வராது. 2016இல், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் இலங்கை இந்நோயை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார ஸ்தாபனம் உறுதிப்படுத்தியது. போரும் சுனாமியும் நடந்த ஒரு நாட்டுக்கு இது லேசான சாதனை இல்லை.

ஆனால் ஒழிந்தது தொற்று. வீங்கின கால் ஒழியவில்லை. ஒருமுறை பழுதான நிணநீர்க் குழாயைக் குளிசை திருத்தித் தராது. வெற்றி அறிவித்த நாளுக்குப் பிறகும் அந்தக் கால்களோடு மனிதர் வாழ்கிறார்கள்.

யாழ்ப்பாணம் அந்த எட்டு மாவட்டத்துக்குள் இல்லை என்றால் எங்களுக்கு ஏன் இந்தக் கதை? நிணநீர் வீக்கத்துக்குப் புழு மட்டும் காரணமில்லை. மார்புப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையில் கமக்கட்டுக் கணுக்களை எடுக்கவேண்டி வரலாம், கதிர்வீச்சுச் சிகிச்சையும் குழாய்களைப் பாதிக்கலாம். அதன் பிறகு சிலருக்கு, மாதங்கள் கழித்தோ ஆண்டுகள் கழித்தோ, அந்தக் கை வீங்கும். 2011இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை நாட்டின் நீளத்துக்கு நடந்து காசு சேர்த்தது தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்காகத்தான். அப்படியான சிகிச்சையால் உயிர் தப்பிய அம்மாக்கள் எங்கட ஊர்களில் இருக்கிறார்கள். அடிக்கடி தோல் தொற்று வந்த கால்களும் இப்படி வீங்கும். ஆனால் ஊரில் இதுக்கெல்லாம் இருக்கிற ஒரே சொல் "யானைக்கால்". அந்தச் சொல்லைக் கேட்டாலே தொத்து நோய் எண்டு பக்கத்து வீட்டுச் சனம் விலகும், கலியாணப் பேச்சு நிண்டுபோகும். அதனால் சீலைக்குள்ளயும் நீளக்கைச் சட்டைக்குள்ளயும் மறைக்கிறது நடக்குது. மறைச்ச வீக்கம் நாள்போகப் போக இறுகும்.

இதில் எங்களுக்கு ஆத்திரம் வருவது ஏன் என்றால், செய்யவேண்டியதில் முக்கால்வாசியும் கிணத்தடியிலேயே செய்யக்கூடிய வேலை. வீங்கின காலைத் தினமும் சவர்க்காரம் போட்டு மெதுவாகக் கழுவ வேணும், விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைக்க வேணும், சேற்றுப்புண்ணையும் வெடிப்பையும் விடாமல் மருந்து போட்டு ஆற்ற வேணும். செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. இருக்கும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைப்பது, கணுக்காலை ஆட்டி ஆட்டிப் பயிற்சி செய்வது நீரை மேலே தள்ள உதவும். அழுத்தக் கட்டும் விசேட மசாஜும் பயனுள்ளவை, ஆனால் பயிற்சி பெற்றவரிடம்தான் போகவேண்டும். திடீரென்று சிவந்து, நொந்து, காய்ச்சலும் வந்தால் பத்துப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வலியில்லாத நெறி ஒன்று கிழமைக்கணக்கில் வற்றாமல் இருந்தாலும் காட்டுவது நல்லது.

இப்ப யூரியூப்பைத் திறந்தால் நிணநீரைச் "சுத்தப்படுத்த" மூலிகைத் தேத்தண்ணி விக்கிற ஆக்களும் இருக்கினம். சுகமான உடம்புக்கு அது தேவையில்லை. நடை, நல்ல மூச்சு, காயத்தைத் துப்பரவாக வைத்திருப்பது, அவ்வளவுதான் அந்தத் தொகுதி எங்களிடம் கேட்கிறது.

நூற்றைம்பது வருசத்துக்கு முன்னம் கிறீன் போட்ட கணக்கு, நோயாளிக்கு விளங்கிற மொழியில மருத்துவம் இருக்கவேணும் எண்டது. நூல் வந்தது, சொல்லும் வந்தது, ஆனால் அந்தச் சொல் இன்னும் எங்கட வீட்டுப் படலை தாண்டி உள்ளுக்கு வரேல்ல. அதைக் கொண்டுவர மருத்துவ பீடத்தில்தான் படிக்கவேணும் எண்டில்லை, கலைப்பீடத்து ஆக்களுக்கும் ஏலும். வீட்டில ஆருக்காவது கையோ காலோ வீங்கியிருந்தால், "அது யானைக்கால் எண்டு முடிவு கட்டாதேங்கோ, பாவமும் இல்லை, நிணநீர் ஓட வழியில்லாமல் நிக்கலாம்" எண்டு சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு, கிளினிக்குக்குக் கூடப் போங்கோ.