ஆனைமலையில் தேக்கு விதைத்தவர்

அண்மையில் பேரப்பிள்ளைகளுடன் காந்திபுரத்திலிருந்து புறப்பட்டு, பொள்ளாச்சி வழியே ஆனைமலையிலுள்ள டாப்சிலிப்பை அடைந்து, இரண்டு நாள் தங்கினேன். விடுதித் திண்ணையில் அமர்ந்தபடியே புள்ளிமான்களையும் காட்டெருமைகளையும் கண்டு களித்தோம்.

அவ்வூரின் பெயரிலேயே ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில், கப்பல் கட்டுவதற்காக ஆங்கிலேயர் இங்குத் தேக்கு மரங்களை வெட்டினர். அம்மரங்களைச் சறுக்கிவிட்ட மலையுச்சியே டாப்சிலிப் எனப் பெயர் பெற்றது. காடும் அழியலாயிற்று.

பின்னர் வந்த வன அதிகாரி ஹியூகோ வுட், நடக்குமிடமெல்லாம் கைத்தடியால் மண்ணில் குழியிட்டுத் தேக்கு விதைகளை ஊன்றினார் என்பர். 1933-இல் மறைந்த அவரது கல்லறை அம்மரங்களிடையே உள்ளது.

"இத்தனையும் ஒருவர் வளர்த்ததா, தாத்தா?" என்றான் பேரன். "இல்லை, காட்டை அறிந்த காடர், மலசர் முதலிய மக்களின் உழைப்பும் இதில் உண்டு" என்றேன்.

1976-இல் இக்காடு வனவிலங்குச் சரணாலயமாயிற்று. இன்று புலிகள் காப்பகமாகவும் விளங்குகிறது.

புறப்படும்போது பேரன் ஒரு தேக்கு விதையைப் பொறுக்கினான். அது காட்டுக்கே உரியதென்று கூறி, அங்கேயே இடச் செய்தேன். வீடு திரும்பியதும் அவன் பள்ளிக்கு ஒரு புங்கங்கன்று வாங்கித் தந்தேன். நாள்தோறும் அவனே நீர் ஊற்றி வருகிறான்.