வேகத்தைக் குறைக்கத் தெரிந்த மோடம்

எந்த மோடத்தை நம்பி வாங்குவது? கைப்பேசியில் இணையம் காணும் இளம் வாசகர்களுக்கு இக்கேள்வி விந்தையாகத் தோன்றலாம். ஆனால் கணிப்பொறிகள் தொலைபேசிக் கம்பி வழியே உரையாடிய நாட்களில் இது காசைப் பொறுத்த கேள்வி.

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. முதலில் பயன்பெற்றவை மும்பை, தில்லி, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்கள். கோவை அப்பட்டியலில் இல்லை. கோவையிலோ திருப்பூரிலோ இருந்து சென்னையை மோடம் வழியே அழைத்தால் அது எஸ்.டி.டி. அழைப்பு. ஒரு பனியன் மாதிரியின் படம் 1,00,000 பைட் அளவுடையது என்று கொள்வோம். அதாவது 8,00,000 பிட். நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் அதை அனுப்ப ஏறத்தாழ 83 நொடிகள் வேண்டும். 80-ஆவது நொடியில் இணைப்பு அறுந்தால்? மீண்டும் முதலிலிருந்து, மீண்டும் கட்டணம்!

தொலைபேசித் தடம் மனிதக் குரலுக்காக அமைந்தது. ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களையே அது கடத்தும். கணிப்பொறியின் 0, 1 என்னும் குறிகளை இவ்வெல்லைக்குள் அடங்கும் ஒலியலைகளாக மாற்றுவதும், மறுமுனையில் மீட்பதும் மோடத்தின் பணி. 1962-இல் வந்த பெல் 103 மோடம் நொடிக்கு 300 பிட் அனுப்பியது. 1994-இல் வகுக்கப்பட்ட வி.34 தரம் 28,800 பிட்டை எட்டியது. அலையின் வீச்சையும் கட்டத்தையும் சேர்த்து மாற்றி, ஒரே குறியில் பல பிட்டுகளை அடைத்ததே இதன் இரகசியம்.

ஆனால் குறிகள் நெருங்க நெருங்க, கம்பியின் இரைச்சல் ஒன்றை மற்றொன்றாகக் காட்டிவிடும். இரைச்சலுள்ள தடத்திற்கு ஒரு வேக வரம்பு உண்டு என்பதை 1948-லேயே ஷானன் நிறுவியிருந்தார். பொள்ளாச்சிச் சந்தையின் கூச்சலில் விலை பேசுவோர் என்ன செய்கிறார்கள்? நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார்கள். கேட்காவிட்டால் திரும்பச் சொல்கிறார்கள். நல்ல மோடமும் அதையே செய்தது. இரைச்சல் மிகுந்தால் தானே வேகத்தைக் குறைத்தது. வி.42 என்னும் 1988-ஆம் ஆண்டுத் தரத்தின்படி, பிழைபட்ட பகுதியை மீண்டும் அனுப்பியது.

1990-களின் பிற்பகுதியில் ‘வின்மோடம்’ என்னும் மலிவு வகை வந்தது. அது தன் கணக்கீட்டு வேலையைக் கணிப்பொறியின் செயலியின்மீதே சுமத்தியது. பெரும்பாலும் விண்டோஸ் மென்பொருளையே நம்பி நின்றது. வீட்டு மேசைக்கு அது ஒருவாறு போதும். இரவு பகலாக இயங்கும் சர்வருக்கு, சொந்தச் செயலியுடன் தனிப்பெட்டியாக வெளியே இருக்கும் மோடமே ஏற்றது. மோடம் முரண்டு பிடித்தால் சர்வரை நிறுத்தாமல் அதை மட்டும் அணைத்துப் போடலாம் அல்லவா?

இன்று வால்பாறை மலைப்பாதையில் அலைவலிமை குன்றும்போது உங்கள் கைப்பேசியும் குறிகளை இடைவெளிவிட்டு அடுக்கி, வேகத்தைக் குறைத்தே தொடர்பைக் காக்கிறது. அடுத்த முறை ஒரு கருவி வாங்கும்போது பெட்டியின்மேல் அச்சிட்ட உச்ச வேகத்தோடு நின்றுவிடாதீர்கள். தடம் கெடும்போது அது என்ன செய்யும் என்றும் கேளுங்கள்.