சாலை உரிமையும் சாரதித் தொழிலும்

வெள்ளி விழா மலர் என்றால் அதில் பட்டம் பெற்றோர் பட்டியல் ஒன்று இருக்கும். அரசுப் பணியில் அமர்ந்தோர் பட்டியல் ஒன்று இருக்கும். ஆசிரியராகவும் எழுத்தராகவும் காவலராகவும் உயர்ந்த நம் பிள்ளைகளின் நிழற்படங்கள் இருக்கும். அவை இருக்கத்தான் வேண்டும். ஆயினும், எட்டாவதும் பத்தாவதும் படித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துகொண்டு, ஆண்டுக்கணக்கில் அழைப்புக் கடிதத்தை எதிர்நோக்கியிருந்து, பின்னர் லாரியின் ஓட்டுநர் இருக்கையில் ஏறியமர்ந்து குடும்பத்தைக் காத்தவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இடம் பெறுவதில்லை. அவர்களைப் பற்றியும், அத்தொழில் நம்மவர் கைக்கு வந்த வழியைப் பற்றியும் சில செய்திகளை இளைஞர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறேன்.

வண்டி ஓட்டுவதற்கு முன்னர்ச் சாலை வேண்டும். நம் முன்னோர்க்கு அந்தச் சாலையே உரிமையாக இருந்ததில்லை. பொதுச் சாலையில் நடப்பதற்கும் தடையிருந்த மாகாணம் இது. சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராயிருந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1924ஆம் ஆண்டில் கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில்தான், எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் நடப்பதற்குத் தடையில்லை என்றும், பொது அலுவலகம், கிணறு, குளம் முதலியவற்றை அணுகுவதற்கும் தடையில்லை என்றும் அரசு ஆணை பிறந்தது. ஆணை பிறந்த மறுநாளே ஊர்த்தெருக்கள் திறந்துவிடவில்லை என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

அடுத்து வந்தது மோட்டார். காசு கொடுத்தாலும் நம்மவரை ஏற்ற மறுத்த பஸ் முதலாளிகள் அக்காலத்தில் பலர். இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராயிருந்த ஊ. பு. அ. சௌந்தர பாண்டியன் அவர்கள், ஆதி திராவிடரை ஏற்றாத பஸ்களின் உரிமம் பறிக்கப்படும் என்று கண்டிப்புடன் உத்தரவிட்ட பின்னரே அவ்வட்டாரத்தில் அந்த வழக்கம் தளர்ந்தது. ஆக, நடக்கும் உரிமைக்கு ஒரு தீர்மானம், பயணச்சீட்டு வாங்கும் உரிமைக்கு ஓர் உத்தரவு. ஓட்டும் உரிமையோ எவருடைய உத்தரவினாலும் வரக்கூடியதாக இருக்கவில்லை. அது ஏன் என்பதற்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்விலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு.

1929ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். தீண்டப்படாதோரின் குறைகளை விசாரிக்கப் பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினர் என்ற முறையில் கான்தேசப் பகுதிக்குச் சென்ற அம்பேத்கர், திரும்பும் வழியில் சாளிஸ்காவ் இரயில் நிலையத்தில் இறங்கினார். ஓரிரவு தம்மோடு தங்கவேண்டும் என்று அவ்வூர் மகர் மக்கள் வேண்டிக்கொண்டனர். அவர்களின் குடியிருப்பு மிகத் தொலைவில் இல்லை. எனினும், இவ்வளவு பெரிய மனிதரை நடத்தி அழைத்துச் செல்வது தகாது என்று அவர்கள் குதிரைவண்டிக்கு ஆள் அனுப்பினர். நெடுநேரம் கழித்து வண்டி வந்தது. சிறிது தூரம் போவதற்குள்ளாகவே எதிரில் வந்த மோட்டார் கார் ஒன்றின்மீது மோதத் தெரிந்தது. அதன்பின் கைப்பிடிச்சுவர் இல்லாத ஒரு பாலத்தில் சக்கரம் கற்களுக்கிடையே சிக்கிக்கொள்ள, குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. அம்பேத்கர் கல்தளத்தின்மீது தூக்கி எறியப்பட்டுக் கால் முறிந்து கிடந்தார்.

நடந்தது என்னவென்று பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. நிலையத்தில் இருந்த வண்டிக்காரர் எவரும் தீண்டப்படாதவரை ஏற்றி ஓட்ட இசையவில்லை. வாடகைக்கு வண்டியைத் தருவோம், நாங்கள் ஓட்டமாட்டோம் என்றனர். வேறு வழியின்றி நம்மவரில் ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். அவர் அதற்கு முன் வண்டி ஓட்டியறியாதவர்.

இந்த நிகழ்ச்சியைச் சொல்லுவோர் வண்டிக்காரரின் சாதிச் செருக்கைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசுவர். எனக்கோ கடிவாளத்தைப் பிடித்த அந்தப் பெயரறியா மனிதரே நினைவில் நிற்கிறார். அன்பு அவரிடம் குறைவின்றி இருந்தது, வாடகைப் பணமும் எப்படியோ சேர்ந்தது, தொழில் கைவரவில்லை. கற்றுக்கொடுப்போர் இல்லாத இடத்தில் தொழில் எவ்வாறு கைவரும்?

லாரித் தொழிலிலும் இதுவே கதை. 1948இல் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, 1954இல் ஜாம்ஷெட்பூரில் டாட்டா லாரிகளும் உற்பத்தியாகத் தொடங்கியபின் நாட்டில் லாரிகள் பெருகின. ஓட்டுவோரும் பெருகினர். அவர்கள் பள்ளிக்கூடத்தில் பயின்றவர்கள் அல்லர். முதலில் கிளீனராகச் சேர்வது. வண்டி கழுவுவது, தார்ப்பாய் விரித்துக் கயிறு கட்டுவது, ஜாக்கி வைத்துச் சக்கரம் மாற்றுவது, இரும்புத் தடியால் டயரைத் தட்டி ஓசையைக் கொண்டே காற்றின் அளவை அறிவது, பின்னால் நின்று குரல் கொடுத்து வண்டியைத் திருப்புவது. இரவில் ஆளரவமற்ற நெடுஞ்சாலையில் ஓட்டுநர் மனம் இரங்கி ஸ்டியரிங்கைக் கையில் கொடுக்கும்பொழுது சிறிது தூரம் ஓட்டிப் பழகுவது. இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படிக் கழிந்தால் ஓர் ஓட்டுநர் உருவாவார். அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் கிடைப்பது படிக்காசும் சாப்பாடுமே. எனவே எவனுக்கு வீட்டில் உலை கொதிக்க வேறு வழி உண்டோ, எவனைத் தன் பக்கத்தில் உட்கார்த்தி ஒரே தட்டில் உண்ண ஓட்டுநர் இசைவாரோ, அவனே கற்றான்.

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரங்களைப் பாருங்கள். மழை பொய்க்கும் மேட்டு நிலத்து விவசாயக் குடும்பங்கள் லாரித் தொழிலில் இறங்கி, கிளீனர் ஓட்டுநராகி, ஓட்டுநர் உரிமையாளராகி, நாடெங்கும் பேர்பெற்றுவிட்டன. மச்சான் ஒரு பங்கு, மாமன் ஒரு பங்கு, சீட்டுப் பணம் ஒரு பங்கு என்று சேர்த்துப் பழைய வண்டி ஒன்றை வாங்குவார்கள். பையனைக் கிளீனராகச் சேர்க்க அத்தை மகன் லாரி இருக்கும். அவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை; அது போற்றத்தக்கது. அவ்வுழைப்புக்கு உறவும் சாதியும் முதலாக நின்றன என்பதையே சொல்லுகிறேன். லாரி வைத்திருக்கும் மாமன் நம்மில் எவனுக்கு இருந்தான்?

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் நாடு தழுவிய ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தைப் பற்றிய வழக்கில் 1977இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1971ஆம் ஆண்டுக் கணக்குப்படி அந்நிறுவனத்தின் நெடுந்தூர ஓட்டுநர் 1,828 பேரில் கறுப்பினத்தவர் 8 பேரே. நகருக்குள் ஓட்டும் குறைந்த கூலி வேலை அவர்களுக்கு. நெடுந்தூரம் ஓடிப் பொருளீட்டும் வேலை வெள்ளையர்க்கு. வாகனம் ஓட்டத் தெரிந்தவரையே எந்த வாகனம் என்று பிரித்து நிறுத்தும் வித்தையை அங்கும் அறிந்திருந்தனர்.

நம்மவரில் சிலருக்கு இராணுவம் வழி திறந்தது. இரண்டாம் உலகப் போரின்பொழுது படைக்கு ஓட்டுநர்கள் பெருந்தொகையில் தேவைப்பட்டனர். சாதி கேட்டுக்கொண்டிருக்கப் போருக்கு நேரமில்லை. பிறகு 1972 முதல் தமிழகத்தில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தோன்றின. கும்பகோணத்தில் சோழன் போக்குவரத்துக் கழகமும், 1975இல் விழுப்புரத்தில் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகமும் அமைந்தபொழுது, 1971 முதல் 18 விழுக்காடாக உயர்ந்திருந்த இட ஒதுக்கீடு நம் இளைஞர் சிலரைப் பஸ் ஓட்டுநராக்கியது. ஆனால் உரிமம் கையிலிருந்தவனுக்கே அந்த ஒதுக்கீடு பயன்பட்டது. கனரக வாகனத்தில் பழகாதவனுக்கு அந்தக் கதவு இருந்தும் இல்லாததே.

இனி நம் காட்டுமன்னார்கோயிலுக்கு வருவோம். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கி ஏற்றிவைத்த விளக்கின் வெளிச்சத்தில் படித்தவர்கள் நம் பாட்டன்மார். இவ்வூரிலேயே பிறந்து, 1952 முதல் மும்முறை நாடாளுமன்ற உறுப்பினராகி, தீண்டாமையையும் தாழ்த்தப்பட்டோரின் பொருளாதார, கல்வி நிலையையும் ஆராய 1965இல் அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைமை தாங்கி, 1969இல் அறிக்கை அளித்த பெரியவர் எல். இளையபெருமாள் அவர்களைப் பற்றி இம்மலரைப் படிப்போர்க்குச் சொல்லவேண்டியதில்லை. கல்வியில் நாம் பின்தங்கிவிடவில்லை. நிலமோ நம்மிடம் இல்லை. வீராணம் ஏரிப் பாசனத்தில் நடவும் அறுவடையும் உள்ள மாதங்களில் வேலை. மற்ற மாதங்களில் கைகட்டி இருத்தல். அறுவடை இயந்திரம் வந்தபின் அந்த வேலையும் சுருங்கிற்று. அதே வேளையில் சாலையில் லாரிகளின் வரிசை நீண்டது. நெல் கொள்முதல் நிலையங்களிலிருந்து கிடங்குகளுக்கு மூட்டைகள், சேத்தியாத்தோப்புக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் கரும்பு, நெய்வேலியிலிருந்து சரக்கு. நம் தெருவைக் கடந்து சென்ற அந்த லாரிகளில் மூட்டை ஏற்றுவோராக நம்மவர் இருந்தனர்; முன்னிருக்கையில் இல்லை.

எங்கள் தெருவில் 1990ஆம் ஆண்டு நிகழ்ந்ததைக் கூறுகிறேன். பத்தாம் வகுப்புத் தேறிய இளைஞர் ஒருவர் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பித்துப் புதுப்பித்துச் சலித்துப்போயிருந்தார். தந்தை இல்லை. லாரி ஓட்டப் பழகவேண்டும் என்று ஒரு லாரி உரிமையாளரிடம் போய்க் கிளீனர் வேலை கேட்டார். ஊர் எது என்று கேட்ட அவர், அடுத்துத் தெரு எது என்று கேட்டார். பதில் சொன்னபின் வேலை இல்லை என்றார்.

தெருக் கூட்டத்தில் இது பேசப்பட்டது. மாரியம்மன் திருவிழாவுக்காகத் தலைக்கட்டு வரி வசூலித்த பணம் கையிருப்பில் இருந்தது. அதிலிருந்து பயிற்சிக்கும் உரிமத்துக்கும் கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னதும், “ஆத்தா காசை எடுத்து லாரிக்குக் குடுக்குறதாய்யா?” என்று ஒரு முதியவர் சினந்தெழுந்தார். வாக்குவாதம் நள்ளிரவு வரை நீண்டது. கடைசியில், தானமாக அன்று, கடனாகக் கொடுப்பது, வட்டியில்லை, நோட்டில் எழுதி ஐந்து பேர் கையொப்பம் இடுவது என்று முடிவாயிற்று. சினந்தெழுந்த முதியவரும் கைந்நாட்டு வைத்தார். பணத்தைவிடப் பெரிய உதவி மற்றொன்று. பக்கத்து ஊரிலிருந்த நம் சமூகத்து ஓட்டுநர் ஒருவர், படையில் ஓட்டப் பழகி ஓய்வுபெற்று வந்தவர், அப்பொழுது சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் லாரியில் ஓட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் இளைஞரை ஒப்படைத்தனர். இலகு ரக உரிமம் பெற்று ஓராண்டு நிறைந்த பின்னரே கனரக உரிமத்துக்கு மனுச் செய்யலாம் என்பது சட்டம். அந்த ஓராண்டும் அவர் தாய்க்கு நெல் அளந்து கொடுத்தவை நான்கு வீடுகள். அவற்றுள் ஒன்று எங்கள் வீடு.

சட்டத்தைக் குறிப்பிட்டதால் இளைஞர்கள் அறியவேண்டிய சிலவற்றை இவ்விடத்திலேயே சொல்லிவிடுகிறேன். 1989 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, போக்குவரத்து வாகனம் ஓட்ட வயது 20 நிறைந்திருக்கவேண்டும். எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை இலகு ரக உரிமம் கொண்டே ஓட்டலாம் என்பதை உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துள்ளது. தொடக்க நிலையினர்க்கு இது பேருதவி. போக்குவரத்து வாகன உரிமத்துக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று 2007இல் ஒரு விதி வந்தது; 2019இல் அது நீக்கப்பட்டது. படிப்பு வாய்க்காத நம் சகோதரர் பலர்க்கு அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் கதவடைப்பாகவே இருந்தன. விதி போய்விட்டது என்பதற்காக எவரும் பள்ளியை விட்டு நிற்கவேண்டா. பர்மிட்டையும் இ-வே பில்லையும் படிக்கத் தெரியாத ஓட்டுநர் சோதனைச் சாவடியில் படும் பாட்டை நான் கண்டிருக்கிறேன். 1961ஆம் ஆண்டு மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 2025 வரை நடைமுறையில் இருந்து, நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலைநேரத்தை வரையறுத்திருந்தது. ஆனால் ஐவரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனத்துக்கே அச்சட்டம் பொருந்தியது. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்போரிடம் வேலை செய்த நம்மவர்க்கு அந்தக் காப்பு எட்டவில்லை. உறங்காமல் ஓட்டச் சொன்னால் மறுக்கும் துணிவும் ஒரு பயிற்சிதான். அமைப்புசாரா ஓட்டுநர்க்கென நல வாரியம் உள்ளது. அதில் பதிவு செய்யாமல் இருப்பது நம் பிழை.

ஓட்டுநராவது பாதி வழி. மீதி வழி, வண்டி நம்முடையதாவது. 1974இல் நிறுவப்பட்ட தாட்கோ முதலில் வீடு கட்டுவதையே முதன்மையாகக் கொண்டிருந்தது. பிற்காலத்தில் வங்கிக் கடனோடு மானியம் சேர்த்து வாகனம் வாங்கவும் உதவுகிறது. 1989இல் தேசிய அளவிலும் இதற்கென நிதிக் கழகம் ஏற்பட்டது. இவற்றால் வண்டி வாங்கி நிலைத்தோர் உண்டு. கடன் நம் பெயரில், வண்டி பிறர் கையில் என்று ஏமாந்தோரும் உண்டு. டயர் தேய்ந்தபொழுது மாற்றப் பணமின்றி, எஃப்.சி. காட்ட இயலாமல், தவணை தவறி வண்டியை இழந்தோரும் உண்டு. சங்ககிரியில் தவணை தவறும் மாதத்தில் மாமன் பணம் தருவான். நமக்கு அந்த மாமன் இடத்தில் நிற்கவேண்டியது தெருவும் சங்கமுமே. மனு எழுதுவதோடு நம் உதவியை முடித்துக்கொள்கிறோம்; அந்த முதல் ஈராண்டுதான் உண்மையில் உதவி வேண்டிய காலம்.

எங்கள் தெருவின் தலைக்கட்டு வரி நோட்டு இன்னும் இருக்கிறது. மேளச் செலவுக்கும் விளக்குச் செலவுக்கும் அடுத்த வரியில் “லைசென்சு வகைக்கு” என்று எழுதப்பட்டுள்ளது. அக்கடன் பதினான்கு மாதத்தில் திரும்பிற்று. அதன்பின் அதே தலைப்பில் ஒன்பது பெயர்கள் ஏறியுள்ளன. இருவர் தவிர எழுவர் திருப்பிச் செலுத்திவிட்டனர். இன்று தெருவில் லாரி ஓட்டுவோர் பதினோரு பேர். சொந்த லாரி உடையவர் ஒருவர். அவர் தவணை இன்னும் பத்தொன்பது மாதம் உள்ளது.