பாஸ் அவுட்

பாஸ் அவுட் என்பது ‘பாஸ்’ என்ற வினையோடு ‘அவுட்’ என்ற சிறு சொல் சேர்ந்து உருவான ஆங்கிலத் தொடர்வினை. மயங்கி விழுதல், பலருக்கும் எடுத்துக் கொடுத்தல், பயிற்சி முடித்து வெளியேறுதல் ஆகியவை இதன் முக்கியப் பொருள்கள். இத்தகைய வினைகளை ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்று அழைப்பது லோகன் பியர்சால் ஸ்மித் 1925-இல் வெளியிட்ட ‘வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ்’ நூலுக்குப் பிறகு பரவியது. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி தமக்குச் சொன்ன பெயர் அது என்கிறார் ஸ்மித்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அன்றாடப் பேச்சில் முதலில் நினைவுக்கு வருவது மயக்கம்தான். வெயிலில் நெடுநேரம் நின்றவர், வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்தவர், அளவுமீறிக் குடித்தவர் என யார் நினைவிழந்தாலும் ‘ஹீ பாஸ்ட் அவுட்’ என்பார்கள். ‘ஃபெயிண்ட்’ என்பது மூளைக்குச் செல்லும் ரத்தம் சற்றே குறைவதால் வந்து, விரைவில் தெளியும் மயக்கம். போதையில் விடியும்வரை கிடப்பவருக்கு அது பொருந்தாது. பாஸ் அவுட் பொருந்தும். ‘பாஸ் அவே’ என்றால் இறந்துபோவது. ஒரு சிறு சொல் மாறினால் மயக்கம் மரணமாகிவிடும் என்பதால் இங்கே தனிக் கவனம் வேண்டும்.

விநியோகிக்கும் பொருளில் மட்டும் இது செயப்படுபொருளை ஏற்கும். ‘பாஸ் அவுட் தி பேப்பர்ஸ்’, ‘பாஸ் தி பேப்பர்ஸ் அவுட்’ இரண்டும் சரி. பெயருக்குப் பதிலாகச் சுட்டுப்பெயர் வந்தால் அது நடுவில்தான் நிற்கும்: ‘பாஸ் தெம் அவுட்’.

மூன்றாவது பொருள் பிரிட்டிஷ் ராணுவ வழக்கு. காமன்வெல்த் நாடுகளிலும் வேரூன்றியது. பயிற்சி முடித்த இளம் அதிகாரிகள் அணிவகுத்து வெளியேறும் விழாவுக்குப் ‘பாஸிங் அவுட் பரேட்’ என்று பெயர். 1932-இல் தொடங்கிய டேராடூன் இந்திய ராணுவ அகாடமியிலும், 1963-இல் தொடங்கிய சென்னைப் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலும் இன்றும் அதே பெயர்தான்.

இந்திய ஆங்கிலத்தில் அணிவகுப்புத் திடலோடு இச்சொல் நிற்கவில்லை. கல்லூரிப் படிப்பை முடிப்பதும் பாஸ் அவுட்தான். ‘அவன் 2015 பாஸ் அவுட்’ என்று தமிழ்ப் பேச்சிலும், ‘2024 பாஸ் அவுட்ஸ் மட்டும்’ என்று வேலை விளம்பரங்களிலும் இது பெயர்ச்சொல்லாகவே ஆகிவிட்டது. சிலர் இதைப் பிழையென்று திருத்துகிறார்கள். அது நியாயமில்லை. கோடிக்கணக்கானோர் ஒரே பொருளில், ஐயத்துக்கு இடமின்றிப் புழங்கும் சொல் இது. ராணுவ வழக்குக்கும் இதற்கும் இடைவெளி அதிகமில்லை. ஆனால் இந்தப் பொருள் அமெரிக்கருக்குப் பழக்கமில்லை. ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2019’ என்று விண்ணப்பத்தில் படிப்பவர் மயங்கி விழுந்த கதையென்றே எடுத்துக்கொள்ளக்கூடும். வெளிநாட்டுக்கு எழுதும்போது ‘கிராஜுவேட்டட்’ என்பதே பாதுகாப்பு.

உண்மையான பிழை வேறு இடத்தில் இருக்கிறது. தேர்வில் தேறுவதற்கு வெறும் ‘பாஸ்’ போதும். ‘பாஸ்ட் அவுட் தி எக்ஸாம்’ என்பது இந்திய வழக்கிலும் தவறு. கல்லூரியைச் சொல்லும்போது நடுவே ‘ஆஃப்’ அல்லது ‘ஃப்ரம்’ வர வேண்டும்.