மாதவிடாய் நிறுத்தம்

பெண்ணின் மாதவிடாய் இயல்பாக, நிரந்தரமாக நின்றுபோவது. ‘மெனோபாஸ்’ என்பதற்கு ஈடான தமிழ்த் தொடர். ‘மாதவிடாய் நிற்றல்’ என்றும் எழுதுவர். பேச்சில், ‘நின்றுவிட்டது’ என்றாலே பெண்களுக்குப் புரியும். மாதம், விடாய் இரண்டும் சேர்ந்தது மாதவிடாய். விடாய்க்குக் களைப்பு, தாகம் என்று பொருள். ‘மெனோபாஸ்’ கிரேக்க வேர்களால் ஆனது: ‘மென்’ மாதம்; ‘பாவ்சிஸ்’ நின்றுபோதல். 1821இல் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சு மருத்துவர் கார்தான்.

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராதிருந்தால்தான் நின்றுவிட்டது என்று மருத்துவம் கொள்ளும். பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள் நிகழும். சூலகங்கள் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதைக் குறைப்பதால் உடல் திடீரெனத் தகிக்கும், இரவில் வியர்க்கும், தூக்கம் கெடும், மனம் அலைபாயும்; எலும்பும் வலுவிழக்கும்.

நிறுத்தம் என்பது நோயன்று, பெண்மையின் முடிவும் அன்று. எலும்பின் வலுவுக்குக் கேழ்வரகு, எள், கீரை, பால் உணவில் இருக்கட்டும். நாளும் நடங்கள், தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்யுங்கள். தகிப்பும் தூக்கமின்மையும் வாட்டினால் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம், சிகிச்சை உண்டு. நின்று ஓராண்டான பிறகு சிறிதளவு இரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள்.